‘கோடு அழிஞ்சு போச்சு தம்பி’: ஒரு தையல்காரம்மாவின் நன்றி மடல்

மதுரையில் எனக்குக் கரண்ட் வைத்த, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்த, ஆஸ்பத்திரிப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். நத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன தையல்காரம்மா எழுதுகிறேன். இடது மார்பில் புற்றுநோய், காலை 9 மணி, மொத்தம் 20 நாள். அடையாளத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன். உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்கும் தெரியாது. கண்ணாடி போட்ட தம்பி, சுருட்டை முடி சிஸ்டர், டாக்டரம்மா, டோக்கன் கொடுக்கும் அண்ணன் என்றுதான் மனதில் வைத்திருக்கிறேன். கடைசி நாளன்று நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வந்தபோது நான் வாய் திறக்காத ஆள். பிறவியிலேயே அப்படி இல்லை. அதற்கு முன்பு வேறொரு இடத்தில் கீமோ ஏற்றும்போது கை எரிகிறது என்று சொன்னேன். “எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும், பொறுத்துக்கங்க” என்றார்கள். மறுபடி சொன்னேன். “சும்மா சும்மா கூப்பிடாதீங்க” என்று பதில் வந்தது. மருந்து நரம்பை விட்டு வெளியே இறங்கியிருக்கிறது. புறங்கை வீங்கி, தோல் கறுத்து, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதோடு எதையும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவுகட்டித்தான் உங்கள் வாசலுக்கு வந்தேன்.

முதல் நாள் ஸ்கேன் எடுத்துவிட்டு என் உடம்பில் நீங்கள் கோடு போட்டது அப்படியே கண்ணில் நிற்கிறது. நெஞ்சு நடுவில் ஒரு கூட்டல் குறி, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று, மார்பைச் சுற்றி எல்லைக்கோடு. “சோப்பு போடாதீங்க, தேய்க்காதீங்க, இது அழியக் கூடாது” என்றீர்கள். சுவரிலிருந்து வரும் பச்சை வெளிச்சக் கோடு அந்தக் குறிமேல் வந்து உட்காரும்வரை கட்டிலை இம்மி இம்மியாக நகர்த்துவீர்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். நானும் முப்பது வருஷமாகத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுகிறவள்தானே.

அந்தப் பெருமைதான் வினையாகப் போனது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று உள்ளூர் விடுமுறை, கரண்ட் வைக்கவில்லை. வீட்டில் மின்சாரமும் இல்லை. சித்திரைப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, சாயங்காலம் பார்த்தால் இடது விலாக் குறி கரைந்து உள்பாடியில் ஒட்டியிருந்தது. பகீரென்றது. திட்டுவார்களே, இத்தனை நாள் வைத்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று பேரனின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, மிச்சமிருந்த கறையைப் பார்த்துப் பார்த்து நானே கோடு போட்டேன். அச்சு அசலாக இருந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ரவிக்கை அரை இஞ்ச் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். நெஞ்சுக்குள் போன கதிரை எங்கே பிரிப்பது? இடது பக்கம், கீழே இதயம் இருக்கிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் படுத்துவிட்டேன். பச்சைக் கோடு என் பேனாக் கோட்டின்மேல் வந்து நின்றது. கண்ணாடித் தம்பி நம்பரைச் சொல்லி முடித்துவிட்டு வெளியே போகக் கதவுவரை போய்விட்டார். அப்போதுதான் என் தொண்டை திறந்தது.

“தம்பி, ஒரு நிமிஷம். கோடு அழிஞ்சு போச்சு தம்பி. இது நானே போட்டது.”

தம்பி, அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. திரும்பி வந்தீர்கள். முதலில் என்மேல் துணியைப் போர்த்திவிட்டீர்கள். அப்புறம் கட்டிலை இறக்கி, “கையை இறக்கிக்கங்கம்மா, வலிக்கும். நல்ல வேளை சொன்னீங்க” என்றீர்கள். அளவு கணக்குப் போடும் பிசிசிஸ்ட் மேடத்தைக் கூப்பிட்டீர்கள். முதல் நாள் எடுத்த போட்டோவையும் அளவுக் காகிதத்தையும் அவர் கொண்டுவந்தார். ஸ்பிரிட் பஞ்சால் என் கோட்டைத் துடைத்து, மற்ற இரண்டு குறியை வைத்து அளந்து, மெஷினிலேயே படம் எடுத்து, எலும்பும் எலும்பும் பொருந்துகிறதா என்று பார்த்தீர்கள். என் கோடு ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்தது.

தினமும் படம் எடுப்பதில்லை, அதனால் நோயாளி சொல்வதும் எங்களுக்கு ஒரு செக்கிங்தான் என்று மேடம் சொன்னார். அரை மணி நேரம் போய்விட்டது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “உள்ளே ஒருத்தருக்கு அளவு சரிபார்க்கிறோம், உங்களுக்குத் தேவைப்பட்டாலும் இதையேதான் செய்வோம்” என்று நீங்கள் சொன்னது கதவிடுக்கு வழியாக என் காதில் விழுந்தது. யாரால் தாமதம் என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் “கோடு சரியா இருக்கா, ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டபிறகே படுக்கவைத்தீர்கள்.

அன்றைக்குத் திறந்த வாய் அப்புறம் மூடவில்லை. அந்த வாரம் டாக்டரம்மாவிடம் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன்.

எங்கள் தெரு அக்காவுக்குப் பல வருஷம் முன்பு 25 நாள் வைத்தார்கள். எனக்கு 15 நாள், பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக 5 நாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வந்ததால் குறைத்துவிட்டார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். டாக்டரம்மா, நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். கிரே என்பது கதிரின் அளவு, முன்பு 50 கிரேயை 25 பங்காகக் கொடுத்தார்கள், இப்போது 40 கிரேயை 15 பங்காக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம் என்றீர்கள். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து, இரண்டும் நோயை ஒரே மாதிரி தடுக்கிறது என்று 2013-இல் உறுதிசெய்தார்கள், பணம் கட்டி வருகிறவர்களுக்கும் இதேதான் என்று காகிதத்தில் எழுதியே காட்டினீர்கள். அந்தக் காகிதம் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. கரண்ட் வைத்த உடம்போடு குழந்தையைத் தொடலாமா? மகளின் பெண் குழந்தைக்கு இரண்டு வயது, ராத்திரி என் வயிற்றில் கால் போட்டால்தான் தூங்குவாள். அவளைக் கிட்டே சேர்க்காமல் ஒன்பது ராத்திரி திண்ணையில் தனியாகப் படுத்திருந்தேன். “லைட்டை அணைச்சா வெளிச்சம் ரூமுக்குள்ள தங்குமாம்மா? மெஷின் நின்னதும் கதிர் நின்னுரும். உங்க உடம்புல எதுவும் ஒட்டியிருக்காது, தாராளமா தூக்கி வச்சுக்கங்க” என்றீர்கள். கையோடு வராண்டாவுக்கு வந்து, காத்திருந்த எல்லோருக்கும் அதையே இன்னொரு தடவை சொன்னீர்கள். வேடசந்தூர் அக்கா ஒருத்தர் அப்படியே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை. அன்று ராத்திரி என் பேத்தி கால் போட்டது இடது பக்கம்தான். எரிந்தது, எடுத்துவிடவில்லை.

சுருட்டை முடி சிஸ்டர், உங்களுக்கு எப்படிச் சொல்வது? மூன்றாவது வாரம் மார்புக்கு அடியில், மடிப்பில் தோல் கழன்று நீர் கசிந்தது. ஆண் பிள்ளைகளிடம் காட்டக் கூச்சப்பட்டுத் துணியை அடக்கிவைத்திருந்தேன். நான் நடக்கும் நடையைப் பார்த்தே திரைக்குப் பின்னால் கூட்டிப்போனீர்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவச் சொல்லி வீட்டில் ஒரே பிடிவாதம் என்றேன். நாங்கள் கொடுக்கிற களிம்பைத் தவிர எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள் என்று உங்கள் கையாலேயே செய்து காட்டினீர்கள். அன்றிலிருந்து நான் படுக்கும்போதெல்லாம் அறையில் ஒரு பெண் இருக்கும்படி ஏற்பாடு செய்ததும் நீங்கள்தான். முடிந்த பிறகும் பத்துப் பதினைந்து நாள் புண் கூடத்தான் செய்யும், பயந்துவிடாதீர்கள், ஆனால் காய்ச்சலோ நாற்றமோ வந்தால் போன் பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். சொன்னபடியே கூடியது, சொன்னபடியே ஆறியது. இரண்டு தடவை போன் பண்ணினேன், இரண்டு தடவையும் எடுத்தீர்கள்.

மெஷின் ரிப்பேரான அன்று ராத்திரி 8 மணிக்கு மேலும் இருந்து எல்லோருக்கும் வைத்து முடித்தவர்களுக்கும், காப்பீட்டுக் காகிதத்தில் என் பெயரின் ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று தடவை கலெக்டர் ஆபீஸ் பக்கம் அலைந்த தம்பிக்கும், என் தலையில் முடி இல்லாததைப் பார்த்து உட்கார இடம் கொடுத்த நத்தம் பஸ் கண்டக்டருக்கும் நன்றி.

ஆனி மாதத்திலிருந்து மறுபடி மெஷினில் உட்காருகிறேன். இந்த மடலோடு ஒரு பார்சல் வரும். மல்மல் துணியில் 12 சட்டை. கை கிடையாது, அக்குளில் தையல் உரசாது, முன்பக்கம் நாடா. இடது பக்கம் மட்டும் திறக்கும்படி ஆறு, வலது பக்கம் ஆறு. கரண்ட் வைக்க வருகிற பெண்கள் மாற்றிக்கொள்ளட்டும். வெந்நீரில் துவைத்தால் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறேன். யாருக்காவது அக்குளில் பிடிக்கிறது, நாடா உறுத்துகிறது என்றால் உடனே சொல்லி அனுப்புங்கள். பிரித்துத் தைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
நத்தம் தையல்காரம்மா