நம்பர் சரி, வீடு எது?

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே மூன்று வாரமாகப் பொழுது சாய்ந்தால் மழைதான். நாம் ரப்பர் பால்மரத்துக்கு நடுவே ஓடி விளையாடிய மேடு முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. குலை ஏற்றிய லாரிகள் போய்ப் போய், தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பாதை சேறாகிக் கிடக்கிறது. கடைசி வரிசை லயத்தையும் இடித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது.

உன் சின்னவளைப் பற்றி எழுதியிருந்தாய். வெளிநாட்டில் ஒரு நகரத்தின் மின்சார, தண்ணீர் வாரியம், ஆள் போய்ப் பார்க்காமல் மீட்டர் தானே கணக்கு அனுப்ப வழி உண்டா என்று ஆராய ஆலோசகர்களை அமர்த்தியிருக்கிறது, அந்தக் குழுவில் அவளும் ஒருத்தி என்று. "இருபத்தேழு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் நீ, அவளுக்கு என்ன சொல்வாய்?" என்று கேட்டுவிட்டாய். சும்மா விட முடியவில்லை. நாலு நாளாக இதே யோசனை.

முதலில் ஒன்று. இந்த மாற்றம் வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். காரணம் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டர் நிற்குமே, நினைவிருக்கிறதா? அந்தத் தடதட சத்தம் அடங்கியதும் தவளைச் சத்தம் எழும்பும். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்கிற பேரேட்டைப் பார்த்து விளக்குக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார், அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். எவ்வளவு எரித்தோம் என்று கேட்க வழியில்லை, ஏனென்றால் வீட்டுக்கு மீட்டரே கிடையாது. பிறகு தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தோம். முதல் பில் வந்த அன்று அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மீட்டரில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பில்லோடு ஒத்துப் பார்த்தார். ஒத்திருந்தது. "நம்ம கணக்கு நம்ம கண்ணுக்குத் தெரியுது" என்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை. உன் மகள் எந்த யந்திரத்தைச் சிபாரிசு செய்தாலும், அந்த எண் வீட்டுக்காரர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கைப்பேசி இருப்பவனுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

மாதா மாதம் சரியான தேதியில் அளவு எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பது 2020-ல் எல்லாருக்கும் புரிந்தது. மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் எங்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பில் எல்லாம் உத்தேசக் கணக்கில் போனது. மே மாதம் திரும்பவும் வெளியே போய் அளவெடுத்து, விட்டுப்போன மாதங்களின் கணக்கும் சேர்ந்து பில் வந்தபோது வேலிக்கு வேலி ஆட்கள் நின்றார்கள். "இவ்வளவு தொகையா?" என்று. ஒரு பில்லின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போது யூனிட் ஒன்றுக்கு, மாதத்தின் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100 யூனிட்டுக்கு 33.40 காசு, அதற்கு மேல் 600 வரை 51.60 காசு, 900 வரை 54.60 காசு. மாதம் 250 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 60 வெள்ளி 30 காசு, மூன்று மாதத்துக்கு 180 வெள்ளி 90 காசு. அதே 750 யூனிட்டையும் ஒரே மாதத்துக் கணக்காகப் போட்டால் 313 வெள்ளி 70 காசு ஆகிவிடும். மாதவாரியாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று புரியவைக்க ஒவ்வொரு வாசலிலும் பத்து நிமிஷம் ஆனது. மீட்டர் தானே பேசத் தெரிந்ததாக இருந்திருந்தால் அந்த உத்தேசமும் இல்லை, அந்தப் பயமும் இல்லை.

இனி, அவளுக்குச் சொல்ல வேண்டியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துக் காட்டு.

நம் ஊர் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில், கீழ்த்தளத்துச் சுவரில் எல்லா வீட்டு மீட்டரும் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். மூன்றாம் மாடியில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாத்தா பாட்டி. இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு சின்ன ஐஸ்பெட்டி. மாதம் நூற்று நாற்பது வெள்ளிக்குக் குறையாமல் பில். எதிர் வீட்டில் இரண்டு ஃபிரீசர் வைத்து ஐஸ் விற்கிறார்கள், அவர்களுக்கு முப்பது சொச்சம். நான் மாதா மாதம் எண்ணைச் சரியாகத்தான் எடுத்தேன். ஒரு தப்பும் இல்லை. ஒரு நாள் பாட்டி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நாங்க எட்டு மணிக்கே படுத்துடுறோம்பா" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டியின் பேரனை மேலே அனுப்பி அவர்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னேன். பழைய மீட்டர், கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு சுற்றும், அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். பாட்டி பெயரில் இருந்த மீட்டரில் அந்தக் கோடு நிற்காமல் வந்து வந்து போனது. எதிர் வீட்டுக்காரர் பெயரில் இருந்த பக்கத்து மீட்டரில் தட்டு அப்படியே நின்றது. கட்டடம் கட்டும்போதே ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் சொல்லி, ஆள் வந்து பார்த்து, பணத்தைச் சரிக்கட்ட ஏழு மாதம் ஆனது.

நண்பா, அந்தப் பலகையில் இன்று தானே கணக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியிருந்தால் என்ன ஆகும்? அரை மணிக்கு ஒரு தடவை துல்லியமாக எண்ணைக் குறித்து அனுப்பும். ஆனால் பாட்டி கணக்கில் ஐஸ்காரர் எரித்த மின்சாரம்தான் போய்ச் சேரும். எண்ணைப் படிக்க யந்திரத்துக்குத் தெரியும். அது எந்த வீட்டு எண் என்பது, நாம் எழுதிக் கொடுத்த பட்டியலை நம்பித்தான் அதற்குத் தெரியும். அதனால் எண்ணை அனுப்புவது ரேடியோவிலா, மின்கம்பி வழியா, கைப்பேசிக் கோபுரம் வழியா என்று பேசுவதற்கு முன்னால், எந்த மீட்டர் எந்த வீட்டுடையது என்று சரிபார்க்கிற வேலைக்கு அந்த அறிக்கையில் காலமும் பணமும் ஒதுக்கச் சொல். புது மீட்டர் மாட்டப் போகிற அன்றே சுவிட்சை இறக்கிப் பார்த்துவிடலாம். இரண்டே நிமிஷ வேலை. பின்னால் அதைச் சரிசெய்யப் போனால்தான் ஏழு மாதம்.

தண்ணீர் மீட்டருக்கும் இதையேதான் சொல்வேன். உள்ளே இருக்கிற சக்கரம் வருஷம் போகப் போகத் தேய்ந்து, மெதுவாகச் சொட்டுகிற தண்ணீரை எண்ணாமல் விட்டுவிடும். அதன் தலையில் ரேடியோப் பெட்டியை மட்டும் மாட்டினால், தேய்ந்த மீட்டரின் பொய்க்கணக்கு இன்னும் வேகமாக ஆபீஸ் போய்ச் சேரும், அவ்வளவுதான். நம் நாட்டில் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பில்லுக்கு வராமல் போகிறது. குழாய் ஒழுக்கு, திருட்டு, இந்த மாதிரி மீட்டர் எல்லாம் சேர்ந்துதான். நல்ல மீட்டராக இருந்து மணிக்கு மணி அளவு வந்தால் பெரிய உபகாரம் உண்டு: ராத்திரி இரண்டு மணிக்கு, வீடே தூங்கும்போது, மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று உடனே தெரிந்துவிடும். நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை போய் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிங்கப்பூரில் முதல் கட்டமாக 300,000 தண்ணீர் மீட்டரை மாற்றும் திட்டம் போட்டார்கள். மலாக்காவில் நம் மின்சார நிறுவனமான தெனாகா பெரிய அளவில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியது. உன் மகள் இரண்டு இடத்தையும் ஒரு நடை போய்ப் பார்த்து வந்தால் நல்லது. மின்சார மீட்டருக்குக் கம்பியிலேயே உயிர் இருக்கிறது, தண்ணீர் மீட்டர் பாட்டரியை நம்பியிருக்கிறது. அந்த பாட்டரி தீரும் வருஷத்தில் யார் மாற்றுவது, யார் காசு கொடுப்பது என்பதையும் இப்போதே எழுதிவிடச் சொல்.

மீட்டர் பார்க்கிற பையன்களை நினைத்தால் மட்டும் மனசு கனக்கிறது. குத்தகைக்காரரிடம் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். எந்தச் சந்தில் நாய், எந்த வீட்டில் மீட்டர் அலமாரிக்குப் பின்னால், எந்த வீடு பூட்டியே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆபீஸ் கணினியிலும் இல்லை. அந்தச் சரிபார்க்கிற வேலைக்கு அவர்களையே எடுங்கள் என்று அறிக்கையில் ஒரு பத்தி அவள் எழுதினால், நான் அவளுக்குக் கடன்பட்டவன்.

தீபாவளிக்கு நீங்கள் எல்லாரும் வருகிறீர்கள் என்று உன் மனைவி போனில் சொன்னார். சின்னவள் இரண்டு நாள் முன்னதாகவே வரட்டும். என் பழைய தடத்தில் இப்போது போகிற தம்பியிடம் பேசிவிட்டேன், கூட்டிப் போகிறேன் என்றான். காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் கண்ணாடி பளபளத்து எண் தெரியாது. சேற்றுக்கு ஆகிற சப்பாத்து ஒன்று எடுத்து வரச் சொல்.

அன்புடன்,
காந்தி கலாசாலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன்