புழுவின் பக்கம் நின்று

டேய் முருகா,

எவ்வளவு நாளாகிறது கடிதம் போட்டு என்று ஆரம்பிக்காதே, நீயும் ஒழுங்கில்லை. அம்மாவின் முட்டி வலி தேவலையா? ராஜி மறுபடியும் வேலையை விட்டானாமே, இந்த முறை யாரோடு சண்டை? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் பட்டைவால் மூக்கான் பறவைக்கு ஈடு இணை இல்லை என்று போன கடிதத்தில் மார்தட்டியிருந்தாய். 2022-இல் ஐந்தே மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவில் கிளம்பி எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. பதினோரு நாள், அன்னம் தண்ணீர் இல்லாமல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ரிப்பன் புழுவை நீ இன்னும் வயிற்றுப் புழு என்றே நினைக்கிறாய். அது கடலில் பாறையடியிலும் சேற்றிலும் தனியாக வேட்டையாடுகிற ஜீவன்டா. 1864-இல் ஸ்காட்லாந்தில் புயலுக்குப் பின் ஒதுங்கிய ஒன்று 55 மீட்டர் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். இழுத்தால் நீளும் உடம்பு, அதனால் அந்தக் கணக்கை நானே பாதிதான் நம்புகிறேன்.

நீளத்தை விடு. இரண்டும் தன் உடம்பையே தின்று பிழைக்கின்றன, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அலாஸ்காவில் ரேடார் கூண்டில் மோதிச் செத்த மூக்கான்களை அறுத்துப் பார்த்தார்களே, எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு, இரைப்பையும் கல்லீரலும் குடலும் சுருங்கிக் கிடந்தன. பறக்கும்போது வேண்டாத சுமையைக் கிளம்பும் முன்பே கழித்துவிடுகிறது. புழுவுக்கு அந்த முன்யோசனையெல்லாம் கிடையாது. இரை கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் தன் சதையைத் தானே கரைத்துக்கொண்டு குட்டையாகிக்கொண்டே போகும், ஆனால் சாகாது. என்னைக் கேட்டால் புழுதான் கெட்டி.

ஏன் தெரியுமா? உன் பறவையின் சாகசம் முழுக்க முன்கூட்டித் தின்ற தீனியில் நிற்கிறது. வடக்கே திரும்பும் வழியில் மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளில் இறங்கித் தின்றே ஆக வேண்டும். அங்கேதான் தென் கொரியாவின் சேமாங்கம் கழிமுகத்தை 2006-இல் 33 கிலோமீட்டர் சுவர் போட்டு அடைத்தார்கள். சேறு போனால் புழுக்கள் போகும், புழுக்கள் போனால் மூக்கானுக்குத் தீனி ஏது? அது உடம்பைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்கும் ஜாதி இல்லை. பறவை பறவை என்று உருகுகிற நீ சேற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. எனக்கு நிஜமாகவே கோபம்.

பதில் எழுது. சுதாவை எழுதச் சொல்லாதே, அவள் எழுத்துப் பிழையே இல்லாமல் எழுதுவாள், உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

உன்,
குமார்