ஜாக்சன்வில்லின் காலி இருக்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரை, அரங்கின் காலி இருக்கைகளைக் காட்டி, ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் ரசிகர்களுக்கு அணி மீது பற்று போதாது என்கிறது. இந்த ஊர்க்காரனான எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களிடம் ஆள் குறைவு, அரங்கு பெரிது, அவ்வளவுதான்.

வழக்கமாக இங்கே நடக்கும் ஃபுளோரிடா–ஜார்ஜியா பல்கலைக்கழக ஆட்டத்தன்று இதே அரங்கு நிரம்பி வழியும். இரண்டு மாநிலங்களிலிருந்து வரும் கூட்டம் அது. ஜாகுவார்ஸ் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊரும் சுற்றுவட்டாரமும்தான் அதே இருக்கைகளை நிரப்பியாக வேண்டும். அதிலும் இங்கே கடற்படைத் தளங்கள் உண்டு. மாற்றலாகி வருகிறவர்கள் பிறந்த ஊர் அணியையும் மனதில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அணியோ 1995-இல்தான் களமிறங்கியது. தாத்தா பார்த்த அணி என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய்ப்பில்லை.

அந்தக் காலத்தில் என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்கில் ஒரு விதியும் இருந்தது. ஆட்டம் தொடங்க 72 மணி நேரம் இருக்கும்போதே டிக்கெட் விற்றுத் தீராவிட்டால் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஆட்டம் வராது. அதனால்தான் 2005-இல் மேல்தட்டில் ஏறக்குறைய 10,000 இருக்கைகளை விற்பனைக் கணக்கில் வராதபடி தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதைப் பார்த்து நாடே சிரித்தது. 2015-இல் லீக் அந்த விதியை நிறுத்திவைத்தது. இப்போது வீட்டில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். செப்டம்பர் மாத மதியம் ஒரு மணி ஆட்டத்துக்கு அரங்கின் கிழக்குப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வெயில் நேரே முகத்தில் அடிக்கும், இருக்கையில் கை வைக்க முடியாது. அணி தோற்கிற ஆண்டிலும் அதற்குக் காசு கொடுக்க வேண்டும்!

கிரீன் பே ஊரின் பாக்கர்ஸ் அணிக்கு மட்டும் அரங்கு எப்படி நிரம்புகிறது என்று கேட்பீர்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1960 முதல் சீசன் டிக்கெட்டிலேயே அரங்கு விற்றுத் தீர்கிறது. சரி, ஆனால் அது அந்த ஊரின் அணி மட்டுமா? விஸ்கான்சின் மாநிலம் முழுவதுக்குமான அணி. 1994 வரை சில ஆட்டங்களை அதே மாநிலத்தின் பெரிய நகரமான மில்வாக்கியில் ஆடினார்கள். அந்நாளைய மில்வாக்கி சந்தாதாரர்களுக்கு இன்றும் தனி டிக்கெட் தொகுப்பு உண்டு. எங்களுக்கோ தெற்கே டாம்பா, மயாமி என்று அதே மாநிலத்தில் இன்னும் இரண்டு அணிகள்.

2024-இல் நகர மன்றம் ஒப்புதல் அளித்த புதுப்பிப்புத் திட்டத்தில் இருக்கைகளைக் குறைத்து, மேலே நிழற்கூரையும் போடப்போகிறார்கள். இருபது வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது. அடுத்த முறை காலி இருக்கைப் படம் போடும்போது, அரங்கில் மொத்தம் எத்தனை இருக்கைகள் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜாக்சன்வில் வாசகர்