மேடையேறி மொழிபெயர்த்த அம்மாவுக்கு

அன்புடையீர்,

சனிக்கிழமை மாலை எங்கள் சர்வமதப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் வரமாட்டார் என்று தெரிந்தபோது குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. பேச இருந்த அரசியல் தலைவர்கள் நால்வரில் மூவருக்குச் சிங்களம், ஒருவருக்குத் தமிழ்.

மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வந்தீர்களே அம்மா, உங்களுக்குத்தான் இந்த மடல்.

நீங்கள் ஒலிவாங்கியைக் கேட்கவில்லை, ஒரு தாளைத்தான் கேட்டீர்கள். அதை நான்காகக் கிழித்து, "மூன்று வசனம் பேசி நிறுத்தவும்" என்று அவரவர் மொழியில் பெரிய எழுத்தில் எழுதி, மேடையேறுமுன் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தீர்கள். அந்தத் துண்டின் அருமை இந்த வேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒருவர் ஏழு நிமிடம் நிறுத்தாமல் பேசினால் மொழிபெயர்ப்பில் முதலில் தவறிப்போவது பெயர்களும் எண்களும். மொழி விளங்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்குவார்கள். கைதட்டல் ஒரு பக்கத்திலிருந்தே வந்தால் தலைவரும் அந்தப் பக்கம் பார்த்தே பேசுவார். பிரார்த்தனைக் கூட்டம் பிரசாரக் கூட்டமாவது அங்கேதான்.

முதல் பேச்சிலேயே 'ஜாதிய' வந்தது. சிங்களத்தில் அது தேசம், இனம். அவசரத்தில் 'சாதி' என்று வாயில் வந்துவிட்டால் நம் காதுக்கு வேறு பொருள். 'ஜாதி பேத' என்றதை 'இன வேறுபாடு' என்றீர்கள். 'ஆகம' உங்கள் வாயில் ஒவ்வொரு முறையும் 'சமயம்' ஆனது, ஒரு தரமும் 'ஆகமம்' ஆகவில்லை. பகை பகையால் தணியாது என்ற, பௌத்த நூலான தம்மபதத்தின் பாளிக் காதாவை (செய்யுளை) ஒருவர் சொன்னார். 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில், பின்னாளில் இலங்கை ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானுக்காக எடுத்துச் சொன்னதும் அதுதான். பாளியை அப்படியே விட்டு, பொருளை மட்டும் ஒரே வரியில் தந்தீர்கள். சபை அமைதியாகிவிட்டது.

நேரத்தைக் கணக்கிட்டதில் பிழை எங்களுடையது. தலைவருக்கு 5 நிமிடம் என்று நிரலில் போட்டோம். மொழிபெயர்ப்போடு அது 10, நால்வருக்கு 40. கொழும்பில் மஹ்ரிப், அதாவது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.45க்கும் 6.35க்கும் இடையில் நகரும். பேச்சு இழுபட்டால் பாங்கு நேரத்தில் பாதிச் சபை எழும்ப வேண்டிவரும். உங்கள் துண்டுகளால் கடைசிப் பேச்சும் அதற்கு முன்னரே முடிந்தது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து நன்றி. பௌத்த தேரர்களின் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, அவர்களுக்கு மாலையில் கொடுக்கும் பானமான கிலன்பச தயாரித்த குடும்பத்துக்கும், தொழுகைக்குப் பாய் விரித்த தம்பிமாருக்கும், விளக்கேற்றும்போது மின்விசிறிகளை நிறுத்தியவருக்கும், திரிகளை முதல் நாளே தேங்காய் எண்ணெயில் ஊறவைத்த அக்காமாருக்கும். ஊறாத திரியில் பஞ்சுதான் எரியும். தலைவர் கையை எடுப்பதற்குள் அணைந்துவிடும்.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. சட்டத்தில் இருப்பதை மேடையில் நடத்திக் காட்ட ஆள் வேண்டும், அன்று அது நீங்கள். அடுத்த ஆண்டு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள், பேச்சின் பிரதி இரண்டு நாள் முன்னரே அவர்கள் கையில் இருக்கும். இது எங்கள் வாக்கு.

அம்மா, உங்கள் கண்ணாடிக் கூடு மேசையிலேயே இருந்துவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்,
கொழும்பு