துணி துவைத்த கோச்சும் எனக்குக் கைகொடுத்தவர்களும்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து டீமுக்குக் கோச்சாக இருந்த பேட் சம்மிட் என்ற பெண்மணி பற்றி நான் பேசியது நாற்பது நிமிஷம். அதற்காக ஓடி அலைந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். அன்றைக்கே மைக்கில் நன்றி சொல்லியிருக்க வேண்டும், கடைசியில் தொண்டை அடைத்துக்கொண்டதில் பாதிப் பேரை விட்டுவிட்டேன். அதனால் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இந்த நாக்ஸ்வில்லுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியும் எனக்குக் கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. ஊரில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து அடுத்த பீரியடுக்கான வீட்டுப்பாடம் எழுதிய ஆள் நான். இங்கே டென்னசி பல்கலைக்கழகத்துக்குள் பேட் ஹெட் சம்மிட் தெரு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் நூறு தடவையாவது காரில் போயிருப்பேன். சம்மிட் என்று போட்டிருப்பதால் அங்கே ஏதோ மாநாட்டு மண்டபம் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். வகுப்பு நடத்தும் அக்கா, "இந்த ஊர்ப் பொம்பளை ஒருத்தரைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட சொல்லேன்" என்று கேட்டபோது என் மகள்தான் இந்தப் பெயரைச் சொன்னாள். நான், "யாரு அது?" என்றேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! பேட் சம்மிட்டின் முறைப்பு இந்த மாநிலம் முழுக்கப் பிரசித்தம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், ஆனால் என் மகள் அதில் ஒன்றும் சளைத்தவள் இல்லை.

முதல் நன்றி எதிர்வீட்டு அம்மாவுக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, என் மகள் படித்துச் சொல்வாள். பேட்டைவிட ஒரு வயது மூத்தவர். நான் இப்படிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். உள்ளே கிழித்த டிக்கெட் துண்டுகள், மேட்ச் புத்தகங்கள், சாயம் போன ஆரஞ்சுச் சட்டைகள். எனக்கு ஆட்டமே தெரியாது என்றதும் வீட்டு வாசல் சிமெண்டில் சாக்பீஸால் ஒரு கோர்ட்டை வரைந்தார். நடுவில் ஒரு கோடு. "நான் பள்ளியில் ஆடியபோது ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மூன்று பேர் இந்தப் பாதி, மூன்று பேர் அந்தப் பாதி. கோட்டைத் தாண்டக் கூடாது. நான் தடுக்கும் பக்கம். நான்கு வருஷம் ஆடினேன், மேட்சில் ஒரு தடவைகூடக் கூடையை நோக்கிப் பந்து எறிந்ததில்லை" என்றார். பெண்பிள்ளைகள் கோர்ட் முழுக்க ஓடினால் தாங்க மாட்டார்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் முடிவுகட்டி வைத்திருந்தார்களாம். டென்னசிப் பள்ளிகளில் இந்த ஆறுபேர் ஆட்டம் 1979 வரைக்கும் இருந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்று சத்தமாகப் பேசியவர்களில் பேட்டும் ஒருவர். கோட்டுக்கு ஒரு பக்கமே நின்று பழகிய பெண்ணைக் கல்லூரிக்கு எடுத்து எப்படி முழு ஆட்டம் ஆடவைப்பது? நியாயமான கேள்விதானே.

இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த அம்மா அந்த நடுக்கோட்டின் மேல் செருப்புக்காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பாதிக் கோடு அழிந்துவிட்டது. நான் பேசியதில் எதையாவது பிள்ளைகள் ஞாபகம் வைத்திருந்தால் அது இதுவாக இருந்தால் போதும்.

அடுத்து நூலகத்தில், பழைய பேப்பர்களைப் படிக்க எனக்கு மைக்ரோஃபிலிம் மெஷினில் ரீல் மாட்டக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு. மூன்று தடவை தலைகீழாக மாட்டினேன், மூன்று தடவையும் சிரிக்காமல் வந்து சரிசெய்தார். பேட்டுக்குக் கோச்சாக முதல் மேட்ச் 1974 டிசம்பரில். மெர்சர் கல்லூரியிடம் 84-83, ஒரே புள்ளியில் தோல்வி. பார்க்க வந்தவர்கள் 53 பேர். (நம் கூட்டம் 61 பேர், கைக்குழந்தைகளைச் சேர்த்து. முந்திவிட்டோம்.) அப்போது அவருக்கு 22 வயது. மேல்படிப்புக்கு வந்த இடத்தில், இருந்த கோச் போய்விட்டதால் இந்த வேலை தலையில் விழுந்தது. மாதம் 250 டாலர். டீமில் இருந்த பெண்களுக்கும் அவருக்கும் ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம். வெளியூர் மேட்சுக்கு வேன் ஓட்டுவதும் அவர்தான், ஆட்டம் முடிந்து வேர்வை நாறும் ஜெர்சிகளை வாரிக்கொண்டுபோய்த் துவைப்பதும் அவர்தான். அந்த ஜெர்சிகளே முந்தின வருஷம் டோனட் விற்ற காசில் வாங்கியவை. ஒரு தடவை தங்க இடத்துக்குக் காசில்லாமல் எதிரணியின் ஜிம்மிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

அந்தத் துவைக்கும் கதைக்காக, நிஜமாகவே விளையாடிய அழுக்கு ஜெர்சிகளை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னதை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடியதுதான் அன்றைக்கு நடந்ததில் உச்சம்.

ஸ்டிக்கர் பொட்டு கொடுத்த அக்காவுக்குத் தனி நன்றி. ஊரிலிருந்து வரும்போது அட்டை அட்டையாகக் கொண்டுவந்து வைத்திருந்ததையெல்லாம் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். 38 சீசனில் 1,098 வெற்றி என்று சும்மா வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்? அதனால் வெள்ளை சார்ட்டில் ஒரு வெற்றிக்கு ஓர் ஆரஞ்சுப் பொட்டு, ஒரு தோல்விக்கு ஒரு கறுப்புப் பொட்டு என்று ஒட்டினோம். கறுப்பு 208. எட்டு தடவை தேசிய சாம்பியன் ஆனதற்கு எட்டுக் கல் பொட்டு: 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. ஒட்டி முடித்தபோது இரவு பதினொன்று. எங்க வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்துவிட்டு மூன்று குறைகிறது என்றார். நான் நம்பவில்லை, சண்டை. மறுபடி எண்ணினால் மூன்றுதான் குறைகிறது. ஒன்று என் முழங்கையிலும் இரண்டு சோபாவிலும் இருந்தன. அவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன், வீட்டில் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்த சார்ட்டை உற்றுப் பார்த்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள். 1997-98 வரிசையில் கறுப்பே கிடையாது, 39 மேட்ச், 39 வெற்றி. இன்னொன்று, முதல் கல் பொட்டு வருவதற்குள் பன்னிரண்டு வரிசை போய்விடுகிறது. கடைசிச் சுற்றுவரை போவது, தோற்றுத் திரும்புவது, மறுபடி போவது. எனக்கு 39-0 வருஷத்தைவிட அந்தப் பன்னிரண்டு வருஷம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் எல்லாம் 39-0 பக்கம்தான் போய் நின்றார்கள், என்ன செய்வது.

பேட்டின் சின்ன வயசுக் கதையை நான் வேகமாக ஓட்டிவிட்டேன் என்று ஒருவர் குறைப்பட்டார். சரி, இங்கே சொல்கிறேன். கிளார்க்ஸ்வில் பக்கம் பண்ணை வீடு, மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. வைக்கோல் பரணில் கூடை கட்டி அண்ணன்களோடு ஆடியவர். அவர் போக வேண்டிய பள்ளியில் பெண்களுக்கு டீம் இல்லை. அப்பா ரிச்சர்ட் ஹெட், சிரிக்கத் தெரியாத கறார் மனிதர் என்று பேர் வாங்கியவர், மகள் ஆட வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்துக்குக் குடிமாற்றினார். ஆனால் கல்லூரிக்கு வந்தபோது அண்ணன்களுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தது, இவருக்கு வீட்டில்தான் பணம் கட்டினார்கள், பெண்களுக்கு அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. படிப்பில் பாலின பேதம் கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972இல், அவர் கல்லூரியில் இருக்கும்போதுதான். 1974இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் காலோடு 1976இல் மாண்ட்ரியல் போய் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து வந்ததே அந்த வருஷம்தான். எட்டு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க அணிக்குக் கோச்சாகத் தங்கம்.

நர்ஸ் அக்காவுக்கும் நன்றி, சமயத்தில் குறுக்கிட்டதற்கு. 1990இல் நிறைமாத வயிற்றோடு, மிஷெல் மார்சினியாக் என்ற பெண்ணை டீமுக்குக் கேட்கப் பென்சில்வேனியாவுக்குப் போயிருக்கிறார் பேட். அவர்கள் வீட்டில் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. பேச வந்ததைப் பேசி முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று விமானி கேட்டால், கூடாது என்று பிடிவாதம். அந்த வருஷம்தான் வர்ஜீனியா டீம் இவர்களைத் தோற்கடித்திருந்தது! பிள்ளை டென்னசியில்தான் பிறந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா எழுந்து, "பொண்ணுங்களா, இதை மட்டும் யாரும் பாத்துக் கத்துக்காதீங்க" என்றார். கூட்டமே சிரித்தது. மிஷெல் முதலில் வேறு கல்லூரிக்குப் போய், அப்புறம் இங்கே மாறி வந்து, 1996இல் சாம்பியன் ஆனார்.

பேட் செய்தது எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப வருஷங்களில் பெண்கள் இரவு ஊர் சுற்றியதற்குத் தண்டனையாகக் கோர்ட்டின் நாலு மூலையிலும் குப்பைத்தொட்டி வைத்து, வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு என் மகளின் கோச் அப்படிச் செய்தால் நான்தான் முதல் ஆளாகப் போய்ச் சண்டை போடுவேன். ஆனால் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், வகுப்புக்கு மட்டம் போட்டால் மேட்ச் கிடையாது என்ற விதியைச் சொல்லாமல் விடுவேனா? பின்வரிசைப் பையன்கள் முனகியது எனக்குக் கேட்டது. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள்.

இப்போது தொண்டை அடைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் வகை மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்று பேட் ஊரறியச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டில் உட்காரவில்லை, இன்னும் ஒரு சீசன் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்தார். தன்னிடம் ஆடி, பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உதவி கோச்சாகக் கூடவே இருந்த ஹாலி வார்லிக் பாதிச் சுமையைத் தாங்கிக்கொண்டார். 2012 ஏப்ரலில் அவரிடமே டீமை ஒப்படைத்தார். நோய்க்கென்று பேட் ஆரம்பித்த அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தவர், வருஷக்கணக்காக அவரோடு முறைத்துக்கொண்டிருந்த கனெக்டிகட் கோச் ஜீனோ ஔரியம்மா. 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் பேட் போய்விட்டார்.

இதுவரை எழுதிவைத்துப் பேசினேன். அடுத்தது எழுதி வைக்காதது. எங்கள் அம்மாவுக்கும் அதே நோய், நாலு வருஷமாக. சொந்தக்காரர்களிடம் பிரஷர், சுகர், தூக்கமில்லை என்று என்னென்னவோ சொல்லி வந்திருக்கிறோம். உங்களிடமும்தான். அறுபத்தொரு பேர் முன்னால் அது எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் செருப்பு மாட்டும் இடத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமியாருக்கும்", "எங்க அப்பாவுக்கும்" என்றீர்களே, அந்த மூன்று பேருக்கும் என்ன நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போன் பண்ணுங்கள். எப்போது வேண்டுமானாலும்.

மதுரையில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும் அண்ணிக்கும். நான் இங்கே பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே துணி மாற்றுவது, துவைப்பது, ஒரே கேள்விக்கு இருபது தடவை பதில் சொல்வது எல்லாம் நீங்கள்தான். இந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில் பார்ப்பதற்காக நடுராத்திரி பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் முழித்திருந்தீர்கள். அம்மாவும் தூங்கவில்லை. போனைப் பிடுங்கி, பின்னால் தெரிந்த ஆரஞ்சு சார்ட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனை பொட்டா? யாருக்குடி கல்யாணம்?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் நான் மைக்கைக் கீழே வைத்தேன். நிறையப் பேர் மைக் ரிப்பேர் என்று நினைத்தீர்களாம்.

புரொஜெக்டர் பார்த்துக்கொண்ட தம்பி, சுண்டல் செய்த மாமி, டோனட் வாங்கிவந்த குடும்பம், நாற்காலி அடுக்கிய பையன்கள், எல்லாருக்கும் நன்றி. சார்ட் இப்போது எதிர்வீட்டு அம்மாவின் ஹாலில் மாட்டியிருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அப்புறம், ஒரு விசிலும், மூடியில்லாத ஓர் எவர்சில்வர் தூக்கும், துவைத்து மடித்த ஏழு ஜெர்சிகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. 12ஆம் நம்பர் ஜெர்சியில் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை, மன்னிக்கவும். சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.