லென்ஸுக்கு வெயில் காட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். டெல்லியில் மழை என்று டிவியில் சொன்னான். கேமராவைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறாயா? வைக்காதே. லென்ஸில் பங்கஸ் பிடித்துவிட்டால் துடைத்துத் தருகிறவன் கேட்கிற காசுக்கு வேறே வாங்கிவிடலாம். வாரம் ஒரு தடவை எடுத்து வெயில் காட்டு. படம் எடு என்று சொல்லவில்லை, வெயில் காட்டு என்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது சல்காடோ என்ற பிரேசில் போட்டோக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். பட்டினியை இவ்வளவு அழகாக எடுக்கிறவர் எப்படிப் பத்திரிகைக்காரர் ஆவார், ஓவியர் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்று கத்தினாய். அது அவரைப் பற்றித்தானா என்று உன் அம்மா இன்னும் என்னைக் கேட்கிறாள்.

நீ போனபிறகு தேடிப் படித்தேன். உன் கட்சிக்குப் பெரிய ஆட்களே இருக்கிறார்கள். 1991-லேயே நியூயார்க்கர் பத்திரிகையில் இங்கிரிட் சிஷி என்ற அம்மாள், சோகத்தை அழகாக்கிக் காட்டினால் பார்க்கிறவன் அழகை ரசித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவான் என்று விளாசியிருக்கிறார். சரி. ஆனால் அந்த மனிதர் பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு 1973-ல் கேமராவைப் பிடித்தவர். கூலி எங்கே போகிறது, லாபம் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள். 1986-ல் பிரேசிலில் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்ததைத் திரும்பப் பார்த்தேன். பள்ளத்துக்குள் எறும்பு மாதிரி ஜனம், முதுகில் மண் மூட்டை, ஏணி. ஒரு படத்தில் சேறு அப்பிய உடம்போடு ஒருவன் போலீஸ்காரனின் துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்து நிற்கிறான். ஓவியர் உட்கார்ந்து யோசித்துப் போடுகிற படம் இல்லை அது. அங்கே நின்றவனுக்குத்தான் கிடைக்கும். பிரிண்ட்டில் அந்தக் கறுப்பைக் கொண்டுவந்தது வேண்டுமானால் கலை. டார்க் ரூமில் நின்றவனுக்கு அது தெரியும்.

நம் ஸ்டுடியோவில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் நான் யாஷிகா கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேனே, கேஸ் படம் எடுக்க. உன்னை அந்த டிராயரைத் திறக்க விட்டதில்லை. கல்யாணப் படமென்றால் நெகட்டிவிலேயே பென்சில் வைத்து அம்மைத் தழும்பை எடுத்துவிடுவேன். கேஸ் படத்தில் ஒரு புள்ளி கை வைக்க மாட்டேன். ஆற்றோடு போன ஒரு பையனை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவன் தாய் வந்தாள். அவனுக்கு வேறு படமே கிடையாதாம். அதையே பெரிசு பண்ணி, கண்ணைத் திறந்து போட்டுத் தரச் சொன்னாள். போட்டேன். கருவிழி வரைவது ஒன்றும் கஷ்டமில்லை. அதில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும், அது விழுகிற இடத்தில்தான் பார்வை வரும். ஒரே நெகட்டிவ். ஒரு பிரிண்ட் கோர்ட்டுக் கட்டில், ஒரு பிரிண்ட் மாலையோடு அவர்கள் வீட்டுச் சுவரில். இதில் எது செய்தி, எது கலை, நீயே சொல்.

ஆனால் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 2003-ல் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. பிரபலமானவன் படத்துக்குக் கீழே பெயர் போடுகிறோம், சல்காடோ எடுத்த அகதிக்கும் கூலிக்கும் பெயர் இல்லையே என்கிறார். கேஸ் படத்துக்குப் பின்னால்கூட ஆள் பெயரும் ஊரும் எழுதித்தான் கொடுப்போம். வெள்ளத்தின்போது நீ எடுத்த படத்தை லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள், எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அந்தப் படத்தில் இருக்கிற அம்மாளுக்குப் பெயர் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. குற்றம் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பற்றி ஊரில் நாலு பேர் பேசியதோடு என்னைச் சேர்க்காதே.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ராத்திரி ரெண்டு மணிக்கு உன் வாட்ஸப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறதாம், அம்மா சொன்னாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

1994-ல் இனப்படுகொலை நடந்த ருவாண்டாவில் எடுத்துவிட்டு வந்து சல்காடோவுக்கு உடம்பு விழுந்துவிட்டது. வியாதி ஒன்றும் இல்லை, இத்தனை சாவைப் பார்த்ததால் வந்தது, நிறுத்து என்று டாக்டர் சொன்னாராம். நிறுத்திவிட்டார். பிரேசிலில் தன் அப்பா அம்மாவின் பண்ணைக்குத்தான் திரும்பிப் போனார். காடு அழிந்து கட்டாந்தரையாகக் கிடந்த இடம். மரம் நடலாம் என்றது மனைவி லேலியா. 1998-லிருந்து இருபது லட்சத்துக்கும் மேல் நட்டிருக்கிறார்கள். அப்புறம்தான் கேமராவைத் திரும்ப எடுத்தார். அவசரமே படவில்லை. தேடிப் படிக்கிற வரைக்கும் இதெல்லாம் எனக்குத் தெரியாது. நமக்குப் பண்ணை கிடையாது, மாடியில் உன் அறை இருக்கிறது. பெருக்கித்தான் வைத்திருக்கிறோம்.

லென்ஸை மறக்காதே.

சித்தப்பா பையன் வருகிற ஞாயிறு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி வருகிறான். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் இருக்கிற பெண்ணை அனுப்பாதே, ஸ்டேஷனுக்கு நீயே போ. உன்னை ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முகம் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
அப்பா