வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் படி அஞ்சலில் போகும். சந்தா பாக்கி நினைவூட்டலும் அதே உறையில் இருக்கும்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஆண்டு விழா நடந்தது. நூலக அலமாரி பழுது பார்க்கப்பட்டது.

மே 17 கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டியவன் நான், ஏச்சு வாங்கியவனும் நான். 1990-இல் அந்த நாளில்தான் உலக சுகாதாரப் பேரவை தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க ஒப்புதல் அளித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே நீக்கிவிட்டது. தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்புக்கு எதிரான நாளாகப் பல நாடுகளில் மே 17 கடைப்பிடிக்கப்படுகிறது.

நாற்பது நாற்காலிகள் போட்டோம். ஒன்பது பேர் வந்தனர். அவர்களில் ஒருவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, வெளியே போகும்போது அதை அடித்துவிட்டுப் போனார். அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கிறது. “நோய் இல்லை என்றால் பிறகு ஏன் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள்?” என்று ஒரு பையன் கேட்டான். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை பலிப்பதில்லை, மனத்தைத்தான் நொறுக்கும் என்றேன். அவன் மறுபடி எதுவும் கேட்கவில்லை. யாருக்காகக் கேட்டான் என்று நானும் கேட்கவில்லை.

“குடும்பத்தோடு வருகிற மன்றத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று பின்னர் மூவர் கேட்டனர். மூவருமே கூட்டத்துக்கு வராதவர்கள். பதில் நம் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துவந்த உறுப்பினர் சென்ற ஆண்டு விலகினார். காரணம் “சொந்த அலுவல்” என்று எழுதியவன் நான். அவர் பெயரை எடுத்தாலே தேநீர் வேளையில் எழுந்த கனைப்பையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். பேச்சு மெய்யா பொய்யா என்பது நாம் துருவ வேண்டிய விஷயமே அல்ல. பெற்றோர் பிள்ளைகளை ஒவ்வொருவராக வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி வாரம் அவர் வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் அவருடைய அக்கா குடும்பமும் வருவதில்லை. வகுப்புக்காகச் சேர்ந்த ஐந்து குடும்பங்களும் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

கணக்கு தணிக்கை செய்யப்பட்டது. கையிருப்பு முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். மே கூட்டத்தால்தான் குறைந்தது என்ற பேச்சு தவறு. அதற்கு ஆனது நாற்காலி வாடகை மட்டுமே. அதைப்போலப் பல மடங்கு சந்தா பாக்கி நிற்கிறது. இதைச் சொன்னவர்களில் இருவர் பெயர் அந்தப் பாக்கிப் பட்டியலில் இருப்பதை இங்கே படிக்கப் போவதில்லை.

தலைவர், பொருளாளர், நன்கொடையாளர்கள், அரங்கைப் பெருக்கி வைப்பவர் அனைவருக்கும் நன்றி.

இது இந்தப் பொறுப்பில் எனக்கு ஏழாம் ஆண்டு. யாரேனும் முன்வந்தால் சாவியை இன்றே தரத் தயார். இல்லையேல் வரும் மே 17-லும் நாற்காலி போடுவேன். “சொந்த அலுவல்” என்ற வரியைத் திருத்தப் பொதுக்குழுவின் அனுமதி கோருகிறேன். அந்த உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் கடிதம் மேசையில் இருக்கிறது. இதுவரை என் கையெழுத்து மட்டுமே அதில் உள்ளது. கூட்டம் முடிந்தும் அரைமணி நேரம் அரங்கைப் பூட்டமாட்டேன்.

செயலாளர்